தேடிக் கிடையாதன இல்லாதன ஆகுமா?

ஆய்வேடுகளைப் புரட்டுவார் எவரும் அவற்றின் முதலியலில் ஒரு தொடரைக் காணாது செல்லுதல் அரிது. "இப்பொருள் பற்றி இதற்குமுன் எவரும் ஆராய்ந்திலர்" என்பதே அத்தொடர். முன்னாளில் இதனை எழுத மாணவன் அஞ்சுவான். நூல்நிலையப் பேழைகளில் அடுக்கிய அட்டைகளை நாட்கணக்கிற் புரட்டுவான்; ஆசிரியர் பலரை வினவுவான்; அதன் பின்னரும் "எம் அறிவிற்கு எட்டியவரை" என்றொரு காப்பினை முன்னே இட்டுத்தான் எழுதுவான். இன்றோ கணினித் திரையிலுள்ள சிறு கட்டத்தில் இரண்டு சொற்களைத் தட்டி, வந்ததை உளதென்றும் வாராததை இலதென்றும் முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே பரவி வருகின்றது. இம்முடிவு எத்துணைப் பொருந்தும் என்பதைத் தமிழாராய்ச்சியை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

அண்மையில் என்னைக் காண ஓர் இளைஞர் வந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பணியாற்றிக்கொண்டே முதுகலைப் பட்டத்திற்கு ஆய்வு செய்கின்றார். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் திருக்குறள் கற்பிக்கப்பெறும் முறை அவர் எடுத்துக்கொண்ட பொருள். "ஐயா, தரவுத்தளத்தில் தேடிவிட்டேன். பதினொரு கட்டுரைகள்தாம் உள்ளன. ஆகவே நம் நாட்டளவில் என்னுடையதே முதல் ஆய்வு என்று எழுதிவிடலாமா?" என்று கேட்டு, அச்சிட்ட பட்டியல் ஒன்றை என் முன் வைத்தார். கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு படித்தேன். பதினொன்றனுள் நான்கு, துருக்கியர் எழுதியவை! காரணம் யாதெனின், 'குறள்' என்பதை அவர் உரோமன் எழுத்து ஐந்தால் எழுதித் தேடியிருக்கின்றார். அவ்வைந்தெழுத்தும் சேர்ந்து துருக்கி மொழியில் 'விதி' எனப் பொருள்படும் ஒரு சொல்லாகும். அந்நாட்டில் அது குடும்பப் பெயராகவும் வழங்குகின்றது. அப்பெயருடையார் பள்ளிக் கல்வி பற்றி எழுதியவை வள்ளுவர்க்குரிய இடத்தில் வந்து அமர்ந்துவிட்டன. "வள்ளுவர் சொன்னதும் விதிதானே, ஐயா" என்று இளைஞர் நகைத்தார். யானும் உடன் நகைத்தேன். எஞ்சிய ஏழனுள் இரண்டு ஒரே கட்டுரை. எழுதியவர் பெயர் இருவகையாகப் பதியப்பெற்றமையால் இரண்டெனத் தோன்றிற்று.

இளைஞரைக் குறை கூறுதல் என் கருத்தன்று. கருவியின் இயல்பை அறியுமுன்னரே கருவியைக் கையாளுமாறு அவரைப் பழக்கிவிட்டவர்கள் நாம். அக்கருவி எவ்வாறு பிறந்தது, எவர் பொருட்டுப் பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மருத்துவக் கட்டுரைகளைச் சுட்டும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் பட்டியலை அமெரிக்கப் படைமருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பார் 1879-இல் தொடங்கினார். இன்று யாவரும் கட்டணமின்றிப் பயன்கொள்ளும் 'பப்மெட்' என்னும் தளம் அதன் வழித்தோன்றல். யூஜீன் கார்ஃபீல்டு என்னும் மற்றோர் அமெரிக்கர் 1955-இல் வேறொரு வழியை எடுத்துரைத்தார். ஒரு கட்டுரை எவ்வெக் கட்டுரைகளை மேற்கோளாகக் காட்டுகின்றது என்பதைத் தொகுத்து வைத்தால், ஒருவர் கருத்தைப் பின்வந்தோர் எவரெவர் எடுத்தாண்டனர் என்பது புலப்படும் என்றார். அவ்வழியில் 1964-இல் அறிவியல் மேற்கோட் சுட்டு வெளிவந்தது. இன்றைய 'வெப் ஆப் சயன்ஸ்' அம்மரபினது. 'ஸ்கோபஸ்', 'கூகுள் ஸ்காலர்' என்னும் இரண்டும் 2004-இல் தோன்றின.

கார்ஃபீல்டின் எண்ணம் நமக்கு முற்றும் புதியதன்று. உரையில் வந்த மேற்கோள்கள் எவ்வெந்நூலின என்று ஆராய்ந்து அவற்றிற்கு அகராதி அமைத்துத் தம் பதிப்புகளில் சேர்த்தவர் உ. வே. சாமிநாதையர். ஆயினும் ஐயரவர்களின் அகராதி பின்னோக்கிச் செல்லும். உரைகாரர்க்கு முன் இருந்த நூலைக் காட்டும். மேற்கோட் சுட்டோ முன்னோக்கியும் செல்லும். ஒரு கட்டுரைக்குப் பின் எழுந்தவற்றையும் காட்டும். ஒரு நல்ல கட்டுரையை மட்டும் கையிற்கொண்டு, அதனை எடுத்தாண்டோர் வழியே ஒரு துறை முழுவதையும் சுற்றிவர இயலுகின்றது. இத்தகைய வசதி பழைய நூற்பட்டியல் எதனிலும் இருந்ததில்லை. இதனைப் பாராட்டாது விட்டால் நடுவுநிலை பிறழ்ந்தவனாவேன்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற்குறை வாயிலிலேயே உள்ளது. வெப் ஆப் சயன்ஸும் ஸ்கோபஸும் எல்லா இதழ்களையும் ஏற்பனவல்ல. தாம் தேர்ந்தவற்றையே ஏற்பன. ஸ்கோபஸில் இடம்பெற விரும்பும் இதழ் எம்மொழியில் நடப்பினும், கட்டுரைத் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். துணைநூற் குறிப்புகள் உரோமன் எழுத்தில் அமைதல் வேண்டும். தொல்காப்பியச் சேனாவரையர் உரையைத் தமிழில் ஆராய்ந்து, இளம்பூரணரையும் தெய்வச்சிலையாரையும் தமிழெழுத்தில் அடிக்குறிப்பில் தந்து ஒருவர் எழுதும் கட்டுரைக்கு அவ்வாயில் எளிதில் திறவாது. மேலும் நம் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதழ்களிலேயே இல்லை. தனிநூல்களிலும், கருத்தரங்கக் கோவைகளிலும், மாநாட்டு மலர்களிலும் சிதறிக் கிடக்கின்றது. 1966-இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கட்டுரைகள் பின்னர் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. அதற்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் 1952-இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழும் அதே 1966-இல் நின்றது. நடந்துகொண்டிருக்கும் இதழ்களையே முதற்கண் நாடும் தரவுத்தளங்களில் இத்தகையன கட்டுரை கட்டுரையாகப் பதிவு பெறுதல் அருமை. ஆகவே இளைஞரின் பட்டியலில் பெரும்பாலும் அண்மைக் காலக் கட்டுரைகளே இருந்ததில் வியப்பில்லை. பல பல்கலைக்கழகங்கள் பதவி உயர்விற்கு இத்தளங்களின் பதிவையே அளவுகோலாகக் கொள்வதால், தமிழில் எழுத வல்லாரும் ஆங்கிலத்தில் எழுத முனைகின்றனர். தமிழில் எழுதியது எண்ணப்படாது என்று தெரிந்தபின் எவர் தமிழில் எழுதுவார்? இது வேறு வழக்கு. தனியே ஆராயத் தக்கது.

கூகுள் ஸ்காலர் இவ்வாறு தேர்ந்தெடுப்பதில்லை. இணையத்தில் ஆய்வு போலத் தோன்றுவன பலவற்றையும் வாரிக்கொள்ளும். தமிழ்க் கட்டுரைகளும் அதில் அகப்படும். ஆனால் எத்துணை ஆயிரம் உள்ளன என்று தலையில் எழுதிக் காட்டினாலும், ஒரு தேடலுக்கு ஆயிரத்திற்கு மேல் அது எடுத்துக் காட்டுவதில்லை. தேர்ந்தெடுக்கும் தளத்தில் நம்மவை நுழைவதில்லை. தேராத தளத்தில் பதருடன் கலந்து கிடக்கின்றன.

இரண்டாவது இடர், எழுத்தினால் வருவது. தமிழ்நூற் பெயரை உரோமன் எழுத்தில் எழுதுவோர் ஒரு நெறிப்பட எழுதுவதில்லை. தகரத்தை ஒருவர் 'டி' என்னும் ஓரெழுத்தால் குறிப்பர். மற்றொருவர் அதனுடன் 'எச்' சேர்ப்பர். ஆகவே தொல்காப்பியமும் திருக்குறளும் முதலெழுத்திலேயே இரண்டாகப் பிளவுபடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் நெறியில் எழுதுவோர் ழகரத்திற்கு 'எல்' எழுத்தின் அடியிற் கோடிடுவர். ளகரத்திற்கு அடியிற் புள்ளியிடுவர். பொதுமக்களோ ழகரத்தை 'இசட்', 'எச்' என்னும் இரண்டால் எழுதுவர். கோடும் புள்ளியும் உள்ளதைச் சில தளங்கள் வெற்றெழுத்தோடு ஒன்றாக்கும், சில ஒன்றாக்கா. 'திருக்குறள்' ஒன்றற்கே ஆறேழு வடிவங்களை இட்டுத் தேடினாலன்றி எல்லாம் அகப்படுதல் இல்லை. இளைஞர் இட்டது ஒன்று.

மருத்துவர்க்கு இத்துன்பம் பெரிதும் இல்லை. ஏன்? அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தார் 1960 முதலே பொருட்டலைப்புச் சொற்களுக்கு ஓர் ஒழுங்கான நிரல் அமைத்துப் பேணி வருகின்றனர். பொதுமக்கள் கூறும் 'மாரடைப்பு' என்னும் ஆங்கிலச் சொல்லை இட்டாலும், மருத்துவர் வழங்கும் இலத்தீன வழிச் சொல்லின்கீழ் உள்ள கட்டுரைகளைப் பப்மெட் கொணர்ந்து தரும். கல்வித் துறைக்கு அமெரிக்க அரசினர் 1960-களில் நிறுவிய 'எரிக்' என்னும் தளத்திலும் இத்தகைய நிரல் உண்டு. அதனுள் 'தமிழ்' என்பதும் ஒரு தலைப்புச் சொல். ஆசிரியர்கள் இதனை அறிந்து பயன்கொள்ளல் நன்று. ஆகவே குறை பொறியினது என்று தள்ளிவிடுதற்கில்லை. ஒன்றுக்கொன்று ஒப்பான சொற்களை ஒரு தலைப்பின்கீழ்க் கொணரும் உழைப்பு, மனிதர் உட்கார்ந்து செய்யும் உழைப்பு. பெருநூலகங்கள் தமிழ் நூல்களுக்கும் நூலாசிரியர்க்கும் அதனை ஓரளவு செய்துள்ளன. கட்டுரைத் தரவுத்தளங்களில் தமிழ்ப் பொருள்களுக்கு அதனை எவரும் முறையாகச் செய்யவில்லை.

தமிழெழுத்திலேயே தேடினால் இடர் தீருமா என்று கேட்கலாம். அங்கே வேறு வகையான கண்ணி உள்ளது. ஒருங்குறியில் 'பொ' என்பதிலுள்ள ஒகரக்குறி ஒரே குறியாகவும் பதியப்படலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நன்கமைந்த மென்பொருள் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும். எல்லா மென்பொருளும் நன்கமைந்தன அல்ல. ஔகாரத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஓரெழுத்தாகத் தட்டாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோர் பலர். அச்சில் வேறுபாடு தோன்றாது. கணினிக்கோ அவர் வேறொரு மூதாட்டி. 'அவ்வையார்' என எழுதுவோரையும் சேர்த்தால் மூவராகின்றனர்! ஒருங்குறி பரவுமுன் பல்வேறு எழுத்துருக்களால் அமைத்த கோப்புகளோ, திரையில் தமிழாய்த் தோன்றினும் உள்ளே பொருளற்ற உரோமன் எழுத்துகளாயிருத்தலின் எத்தேடலுக்கும் அகப்படா.

புணர்ச்சியையும் எண்ணுக. 'தமிழ்க் கல்வி' என்பதை இருசொல்லாய்ப் பிரித்தும், ஒருசொல்லாய்ச் சேர்த்தும், வல்லொற்று மிகாமல் பிழைபடவும் எழுதுகின்றனர். 'குறள்' என்று தேடினால் 'குறட்பா' வாராது. ளகரம் டகரமாய்த் திரிந்ததைப் பொறி அறியாது. சொல்லின் முற்பகுதியை இட்டு உடுக்குறி சேர்த்தால் அதன் வழிவந்த சொற்கள் யாவும் வரும் என்று ஆங்கில வழிகாட்டிகள் கூறும். அவ்வசதியுள்ள தளத்தில் 'குற' என்று இட்டுப் பார்த்தால் குறளும் குறட்பாவும் வரும். உடன் குறவஞ்சியும் குறட்டையும் குறையும் குற்றமும் வரும். ஆங்கிலத்தின் இயல்பைக் கருதி அமைத்த உத்தி தமிழின் இயல்புக்கு ஒவ்வாமை வெளிப்படை. இதற்கு மாற்று, வேற்றுமை ஏற்ற வடிவங்களையும் புணர்ந்த வடிவங்களையும் தாமே எழுதி, 'அல்லது' என்னும் இணைப்பால் தொடுத்துத் தேடுவதேயாகும். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது கைவந்த கலையன்றோ?

தேடிக் கிடைத்தவற்றைத் தொகுத்துத் தம் கணினிக்குக் கொணர்வதை 'ஏற்றுமதி' என்கின்றனர். பினாங்குத் துறைமுகத்தை நினைவூட்டும் சொல்லாயினும் வழக்கில் நின்றுவிட்டது. 'ஆர்ஐஎஸ்', 'பிப்டெக்' என்னும் வடிவங்களில் இறக்கினால், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, இதழ், பக்கம் ஆகியன தனித்தனி வரிகளாக வரும். 'ஸோட்டரோ', 'எண்ட்நோட்' போன்ற மென்பொருள்கள் அவற்றை ஏற்றுத் துணைநூற்பட்டியலைத் தாமே அமைத்துத் தரும். கையால் எழுதும்போது நேரும் பிழைகள் பெரிதும் குறைகின்றன. ஆனால் தளத்தில் உள்ள பிழை ஒன்றும் குறையாமல் கூடவே வருகின்றது. காற்புள்ளியால் பிரித்த கோப்பாக இறக்கி எக்செலில் நேரே திறந்தால், எழுத்துமுறையைச் சுட்டாதபோது தமிழ்த் தலைப்புகள் கிறுக்கலாகத் தோன்றும். 3-12 என்னும் பக்க எண் திசம்பர் மூன்றாம் நாளாக மாறிவிடும். இதனைச் சிறுபிழை என்று தள்ளவியலாது. சில மரபணுக்களின் பெயர்களே இவ்வாறு நாட்களாக மாறிவந்தமையால், பெயரிடும் குழுவினர் 2020-இல் அப்பெயர்களையே மாற்றினர். பக்க எண்ணுக்கு அவ்வாறு மாற்று ஏது? கோப்பைத் திறவாமல், தரவாக உள்ளிழுத்து, அந்நிரலை 'எழுத்து' எனக் குறித்துக்கொள்வதே வழி.

இவற்றினும் என் மனத்தை வருத்துவது ஆசிரியர் பெயருக்கு நேர்வது. இவ்வடிவங்கள் யாவும் 'குடும்பப் பெயர், காற்புள்ளி, தன்பெயர்' என்னும் மேனாட்டு வழக்கைக் கொண்டவை. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இளங்கோவன் முத்தையா என ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். பொறி இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு, 'முத்தையா, இ.' என்று எழுதிவிடும். ஆராய்ந்தவர் மகன், பட்டியலில் நிற்பவர் தந்தை. மகளிர் நிலை இன்னும் கேடு. மணத்திற்கு முன் தந்தை பெயரோடும் பின்னர்க் கணவர் பெயரோடும் எழுதிய ஒருவர், இருவராகவே எண்ணப்படுவார். நம் நாட்டில் 'மகன்', 'மகள்' என்பவற்றைக் குறிக்க மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகளைச் சாய்கோட்டோடு இடுகின்றோமல்லவா? அவ்வெழுத்துகள் தலைப்பெழுத்துகளாக மாறி நிற்பதையும் ஒரு பட்டியலிற் கண்டேன். தனிநாயகம் அடிகள் தம் பெயரை ஆங்கிலத்தில் 'தனி' என்றும் 'நாயகம்' என்றும் பிரித்தே எழுதினார். ஆகவே 'தனிநாயகம்', 'தனி நாயகம்', 'நாயகம்' என மூன்று இடங்களில் அவரைத் தேட வேண்டியுள்ளது. 2012-இல் தொடங்கிய 'ஆர்க்கிட்' என்னும் பதினாறிலக்க எண் இன்றைய ஆய்வாளர்க்குத் துணைசெய்யும். மறைந்தார்க்கு அவ்வெண் வழங்கப்பெறுவதில்லை. ஸோட்டரோவில் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி உண்டு; பிப்டெக்கிலும் பெயரை இரட்டை அடைப்புக்குள் இட்டால் பிளவுபடாது. இவ்விரண்டையும் நம் மாணவர்க்குக் கற்பித்தல் ஒரு நாழிகை வேலை.

பழி முழுவதையும் பிறர்மீது ஏற்றுவதும் முறையன்று. நம் வெளியீடுகளை நோக்குக. ஆண்டு குறிக்கப்பெறாத நூல்கள் எத்துணை! தொகுதி எண் ஒருமுறை தொடர்ந்தும் மறுமுறை ஒன்றிலிருந்து தொடங்கியும் வரும் இதழ்கள் எத்துணை! மலரில் கட்டுரை இருக்கும். எழுதியவர் பெயர் தலைப்பெழுத்துகளாக மட்டும் இருக்கும். தம் பெயரையே ஆண்டுக்கொருவகையாய் ஆங்கிலத்தில் எழுதும் புலவர்களும் உளர். இவற்றை எந்தத் தரவுத்தளம் சீர்செய்ய வல்லது?

பழைய பட்டியல்களைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகின்றது. ஜான் மர்டாக் 1865-இல் அச்சான தமிழ்நூல்களை வகைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டார். தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக வாயிலாக 1966-இல் தமிழியல் ஆய்வுத் துணைநூற் கையேடு ஒன்றை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'நூல்கள்' என்னும் சொல் நிற்கின்றது. கட்டுரைகளை இதில் தேடாதீர் என்று வாயிலிலேயே கூறிவிட்டார் என்க. தரவுத்தளத்தின் வெறுமையான கட்டமோ தன் எல்லையைச் சொல்வதில்லை. எல்லாம் தன்னுள் அடங்கியதுபோல் தோன்றுகின்றது. எல்லைகள் எழுதப்பெற்றிருப்பினும், தேடுவோர் செல்லாத வேறு பக்கத்தில் உள்ளன. இதனையே இக்கருவியின் தலையாய குறை என்பேன். எழுத்துக் குழப்பம் இதற்குப் பிற்பட்டது.

மருத்துவ ஆய்வாளர்கள் 2009-இல் வகுத்து, 2020-இல் திருத்திய 'பிரிஸ்மா' என்னும் நெறிமுறை, எத்தளத்தில் எந்நாளில் எச்சொற்களால் தேடப்பெற்றது, எத்துணை கிடைத்தன, எவை ஏன் நீக்கப்பெற்றன என்பவற்றை ஆய்வுரையிலேயே எழுதப் பணிக்கின்றது. தமிழாய்வேடுகளிலும் இதனை வற்புறுத்த வேண்டும் என்பது என் துணிபு. நீண்ட வேலையன்று, அரைப்பக்கம் போதும்.

அவ்விளைஞரிடம் இவற்றையெல்லாம் கூறி, "தம்பி, மறுபடியும் தேடி வாருங்கள். இந்திய ஆய்வேடுகளுக்குச் 'சோத்கங்கா', ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்', சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றையும் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திற்கு நேரிற் செல்லுங்கள். பின் நீங்கள் படித்த ஒவ்வொரு கட்டுரையின் அடிக்குறிப்பையும் பாருங்கள்" என்று விடுத்தேன். சற்று மனம் வாடித்தான் சென்றார்.

ஆறு வாரம் கழித்து வந்தார். பட்டியல் நான்கு பக்கம் வளர்ந்திருந்தது. துருக்கியர் நால்வரும் விடைபெற்றிருந்தனர். "இதற்குமுன் எவரும் ஆராய்ந்திலர்" என்பதை அடித்துவிட்டு, இன்ன நாட்களில் இன்ன தளங்களிலும் நூலகங்களிலும் இன்ன சொல்வடிவங்களால் தேடியபோது கிடைத்தவை இவை என்று எழுதியிருந்தார். பட்டியலின் கடைசியில் ஒரு பதிவு மட்டும் மையால் கையெழுத்தில் இருந்தது. அவர் பணியாற்றும் பள்ளியின் அலமாரியிலேயே கிடந்த பழைய ஆசிரியர் மலர் ஒன்றில், வகுப்பறையில் குறள் கற்பித்த முறையைப் பற்றி அப்பள்ளியின் முன்னாள் ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை. பெயருக்கு இரண்டு தலைப்பெழுத்துகளே இருந்தன, ஆண்டு இல்லை. "மென்பொருளில் இதனை எந்தக் கட்டத்தில் இடுவதென்று தெரியவில்லை, ஐயா" என்றார். கையெழுத்திலேயே இருக்கட்டும் என்றேன். அவ்வெழுத்துகளுக்கு உரியவரை அறிந்த பழைய மாணவர் எவரேனும் உளரா என்று இப்போது விசாரித்து வருகின்றார்.